1930 ஃபில்லீஸ் அணியை மறுபடி ஆடவைத்தேன்: ஃபீல்டிங் எண் நாலாவது முறைதான் சரிவந்தது

போன ஞாயிறு இரவு பதினொன்றரை மணிக்குத் திரையில் 1,204 என்று வந்து நின்றது. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி 1930 சீசனில் எதிரணிகளுக்குக் கொடுத்த ரன்கள் 1,199. நான் எழுதிய ஆட்டத்தில் அதே சீசனை இருநூறு தடவை ஓட்டி எடுத்த சராசரிதான் அந்த 1,204. ஏழு மாத வேலை. ஆனாலும் அந்த எண்ணை நான் உடனே நம்பவில்லை. முதல் முயற்சியிலேயே எனக்கு 1,191 வந்திருந்தது. அது முழுக்கத் தவறான வழியில் வந்த சரியான எண் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த 1,191க்கும் இந்த 1,204க்கும் நடுவில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பழைய பேஸ்பால் சீசனைப் பகடையிலோ கணினியிலோ மறுபடி ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு மாத வேலையாவது மிச்சமாகும்.

இந்த ஆட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய அந்த வருடப் புள்ளிவிவரத்தை வைத்து ஓர் அட்டை. பகடை உருட்டினால் பாதி நேரம் பேட்டரின் அட்டையையும் பாதி நேரம் பந்து வீசுகிற பிட்சரின் அட்டையையும் பார்த்து முடிவு எடுக்க வேண்டும். இதில் பந்தைப் பிடிக்கிறவர்களை எங்கே நுழைப்பது என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபாடு. ரிச்சர்ட் சைட்ஸ் 1951இல் கொண்டுவந்த ஆப்பா ஆட்டத்தில் ஒன்பது பேரின் ஃபீல்டிங் எண்களைக் கூட்டுவார்கள். 41க்குக் குறையாவிட்டால் முதல் தர அணி, 36 முதல் 40 வரை இரண்டாம் தரம், அதற்குக் கீழே மூன்றாம் தரம். ஹால் ரிச்மன் 1961இல் விற்கத் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை தனி எண். 1 என்றால் சிறந்தவர். பிட்சர் அட்டையில் சில கட்டங்கள் நேராக ஒரு ஃபீல்டரிடம் அனுப்பும். அங்கே இருபது முகப் பகடை உருட்டி ஹிட்டா (பேட்டர் அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸைச் சேர்ந்தாரா) அவுட்டா என்று பார்க்க வேண்டும். டாம் டிப்பெட் எழுதிய டைமண்ட் மைண்ட் என்ற கணினி ஆட்டத்தில் பந்தை எட்டிப் பிடிக்கும் திறமைக்கு ஐந்து தரச் சொற்கள், எரர் (கைக்கு எட்டிய பந்தில் செய்யும் பிழை) செய்யும் அளவுக்கு லீக் சராசரியை 100 என்று வைத்து ஒரு விழுக்காடு. இரண்டும் தனித்தனி.

இவற்றில் ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். அட்டையில் அச்சடித்து வரும் எண்ணை நம்பி ஆடுவதில் எனக்கு நிறைவு வரவில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், அதற்கு நானே செய்தால்தான் உண்டு.

ஏன் 1930, ஏன் ஃபில்லீஸ்

வேலை விஷயமாக இரண்டு வருடம் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தேன். ப்ராட் தெருவில் பேக்கர் பௌல் மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை மட்டும் நிற்கிறது. 1938 வரை ஃபில்லீஸ் ஆடிய மைதானம் அது. நடுப்பகுதியில் தரை லேசாக மேடாக இருந்ததாம். அடியில் ரயில் சுரங்கம். வலப்பக்க ஓரக்கோட்டின் நீளம் வெறும் 280 அடி. 1958க்குப் பிறகு கட்டும் மைதானத்துக்கு விதி 325 அடி கேட்கிறது. குட்டை தூரத்தை ஈடுகட்ட வலப்பக்கம் 60 அடி உயரத்துக்குச் சுவரும் மேலே வலையும் நின்றன. செங்கல் சுவர், அதன் முகத்தில் தகரம் போர்த்தியிருந்தது. அந்தச் சுவர் இந்தப் பதிவில் பிறகு திரும்ப வரும்.

1930இல் ஃபில்லீஸ் ஆடிய எட்டு அணி நேஷனல் லீக் முழுவதன் பேட்டிங் சராசரியே .303, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 303 ஹிட். பந்து அப்படிப் பறந்த வருடம். ஃபில்லீஸ் அணி .315 அடித்தது, 944 ரன் எடுத்தது. ஆனால் 52 வெற்றி, 102 தோல்வி, கடைசி இடம். காரணம் அந்த 1,199. அணியின் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, 6.71 ரன் என்ற கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். இது பிட்சர்கள் மீது எழுதப்பட்டது மட்டும்தான். எரரால் வந்த ரன்கள் இதில் சேராது. அவை ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். ஆக, இந்த 1,199இல் பிட்சர் பங்கு எவ்வளவு, ஃபீல்டர் பங்கு எவ்வளவு, சுவர் பங்கு எவ்வளவு? ஃபீல்டிங் எண் சரியா தவறா என்று சோதிக்க இதைவிடக் கடுமையான சீசன் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் ஓர் அணியின் பிட்சர்கள் ஆட்டத்துக்கு மூன்று சொச்சம் பேரைத்தான் ஸ்ட்ரைக் அவுட் (ஃபீல்டர் ஓடிப் பிடிக்கத் தேவையில்லாமல் பிட்சரே எடுக்கும் அவுட்) செய்தார்கள். இப்போது எட்டுக்கு மேல். மீதி அவுட்டெல்லாம் யாராவது ஓடிப் பிடித்தாக வேண்டும். பழைய சீசனில் ஃபீல்டிங் எண்ணில் கோட்டைவிட்டால் மொத்த ஆட்டமும் கோணலாகிவிடும்.

கருவிகள்

ஷான் லாமன் தொகுத்த இலவசத் தரவுக் கோப்புகள். பழைய ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோர்களுக்கு (ஆட்டச் சுருக்க அட்டவணைகளுக்கு) ரெட்ரோஷீட் தளம். ஓர் எக்செல் கோப்பு, ஐந்நூறு வரிக்குக் குறைவான ஒரு பைத்தான் நிரல். கையால் ஆடுவதற்கு மூன்று நிறத்தில் பத்து முகப் பகடை மூன்று, இருபது முகப் பகடை ஒன்று. பல முகப் பகடை செட் ஒன்றில் பத்து முகம் இரண்டுதான் வருகிறது, அதனால் இரண்டு செட் வாங்க வேண்டியிருந்தது: 380 ரூபாய்.

மூன்று பத்து முகப் பகடையையும் சேர்த்து உருட்டினால் 000 முதல் 999 வரை ஓர் எண். வெள்ளைப் பகடை 0 முதல் 4 வந்தால் பேட்டர் அட்டை, 5 முதல் 9 வந்தால் பிட்சர் அட்டை. அதாவது ஒவ்வோர் அட்டைக்கும் 500 கட்டங்கள். பிட்சர் அட்டையின் 500இல் 150 கட்டங்களை ஃபீல்டர்களுக்கு ஒதுக்கினேன். ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) இரண்டாம் பேஸ்காரருக்கும் அதிகம், மற்றவர்களுக்குக் குறைவு.

முதல் முயற்சி: எரர் மட்டும்

தொடக்கத்தில் ஃபீல்டிங் விழுக்காட்டை மட்டும் எடுத்தேன். கைக்கு வந்த பந்துகளில் எத்தனையை எரர் இல்லாமல் முடித்தார் என்பதுதான் அது. கணக்கு சுலபம், கோப்பில் எல்லா எண்ணும் இருக்கிறது. 1930 நேஷனல் லீக்கில் நூறு வாய்ப்புக்குச் சுமார் மூன்று எரர். இன்று அதில் பாதிதான். கையுறை அப்போது அவ்வளவு சின்னது. பில் டோக் என்ற பிட்சர் சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலைபோலத் தோல் வார் பின்னிய கையுறையை ராலிங்ஸ் கம்பெனி கொண்டுவந்து அப்போது பத்து வருடம்தான் ஆகியிருந்தது.

ஃபீல்டருக்கு அனுப்பும் கட்டங்களில் எல்லோருக்கும் ஒரே ஹிட் வாய்ப்பு, எரர் வாய்ப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஓட்டினேன். ஃபில்லீஸ் கொடுத்த ரன் 1,191. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாளே தெருமுனை அச்சுக்கடையில் எட்டு அணிக்கும் அட்டை அடித்துவிட்டேன். 300 ஜிஎஸ்எம் தாள், ஏ4 ஒன்றுக்கு ஒன்பது அட்டை, 22 தாள், தாளுக்கு 25 ரூபாய். 550 ரூபாய் போனது. அச்சடிக்க அவசரப்பட்டது என் முதல் தவறு. கணக்கு முடியும்வரை அட்டையைக் காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி ஆடுங்கள்.

குறை எப்படித் தெரிந்தது என்றால், ஃபில்லீஸ் பிட்சர்களில் அந்த வருடம் உருப்படியாக ஆடியவர் ஃபில் காலின்ஸ்: 16 வெற்றி, 11 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.78 ரன். அவரை எடுத்துச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் போட்டுப் பார்த்தேன். அந்த வருடம் லீகை வென்ற அணி. இரண்டாம் பேஸில் ஃப்ராங்கி ஃபிரிஷ், ஷார்ட்ஸ்டாப்பில் சார்லி கெல்பர்ட். பின்னால் இப்படி ஆட்கள் நின்றால் காலின்ஸ் கொடுக்கும் ரன் குறைய வேண்டும். குறையவில்லை. அசையக்கூட இல்லை. எரரால் வரும் ரன் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஹிட்டெல்லாம் பிட்சரின் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அணியை அப்படியே வைத்து ஓட்டினால் மொத்தம் சரியாக வரும், ஏனென்றால் நடந்ததெல்லாம் பிட்சர் எண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆளை மாற்றினால்தான் பொய் வெளிப்படும். அன்றிலிருந்து இதைத்தான் என் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன்: மொத்த ரன்னைப் பார்க்காதே, ஒரு பிட்சரை வேறு அணிக்கு மாற்றிப் பார்.

எரர் என்பது பந்தை எட்டியவன் செய்வது. எட்டவே முடியாதவன் எரர் செய்ய மாட்டான், அவனைத் தாண்டிப் போன பந்து ஹிட் என்று பிட்சர் தலையில் எழுதப்படும். கல்லாக நிற்கிற ஷார்ட்ஸ்டாப்புக்கு என் ஆட்டத்தில் நல்ல மதிப்பெண் விழுந்திருந்தது.

இரண்டாம் முயற்சி: எத்தனை அவுட்டில் கை இருந்தது

பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் 1970களில் பரப்பிய ரேஞ்ச் ஃபேக்டர் இதற்கு மருந்து என்று எடுத்தேன். பிடித்த அவுட்டும் எறிந்து உதவிய அசிஸ்ட்டும் கூட்டி ஆட்டங்களால் வகுக்க வேண்டும். இன்னிங்ஸால் வகுத்தால் இன்னும் நல்லது. ஆனால் நான் எடுத்த கோப்பில் 1930க்கு அந்தப் பத்தி காலி. அவுட்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிப்பகுதியில்) இட, நடு, வலப் பக்கம் மூன்றும் ஒரே வரியில் கலந்திருந்தன. எத்தனை ஆட்டம் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லும் வேறு கோப்பு இருப்பதைப் பார்க்காமல், பாக்ஸ் ஸ்கோரைப் புரட்டிக் கையால் பிரித்து மூன்று வாரம் வீணாக்கினேன்.

இந்தக் கணக்கு நல்ல ஃபீல்டரைக் காட்டவே செய்யும். ஆஸி ஸ்மித் 1980இல் ஷார்ட்ஸ்டாப்பில் நின்று 621 அசிஸ்ட் செய்தார், ஃபிரிஷ் 1927இல் இரண்டாம் பேஸில் 641. இப்படி மலைபோல நிற்கிற எண்ணை வெறும் வாய்ப்பு என்று தள்ள முடியாது. நடுவில் இருக்கிறவர்களிடம்தான் கணக்கு ஏமாற்றுகிறது.

என்னை ஏமாற்றியவர் சக் க்ளைன். ஃபில்லீஸின் வலப்பக்க அவுட்ஃபீல்டர். அந்த வருடம் .386 அடித்தார், 250 ஹிட், அவர் அடியால் அணிக்கு வந்த ரன் 170. அதோடு 44 அசிஸ்ட். 1900க்குப் பிறகு இன்றுவரை எந்த அவுட்ஃபீல்டரும் தாண்டாத எண் அது. நான் அவருக்கு எறிதலில் என் ஆட்டத்தின் உச்ச எண்ணைப் போட்டேன். விளைவு, எந்த ஊரில் ஆடினாலும் க்ளைன் இருக்கும் பக்கம் எதிரணிக்காரன் ஒரு பேஸ் கூடுதலாக ஓடத் துணியவில்லை. பிட்ஸ்பர்க் மைதானத்தில்கூட. பாக்ஸ் ஸ்கோரோடு ஒப்பிட்டால் பொருந்தவே இல்லை.

சுவரை மறந்துவிட்டிருந்தேன். 280 அடியில் சுவர் என்றால் வலப்பக்க ஃபீல்டர் மற்ற ஊரில் நிற்பதைவிடப் பல அடி உள்ளே நிற்கிறார். தகரத்தில் பட்டுத் திரும்பும் பந்து நேராக அவர் கைக்கு வருகிறது. மற்ற மைதானத்தில் நிம்மதியாக இரண்டாம் பேஸுக்குப் போகும் ஓட்டக்காரன் இங்கே மாட்டிக்கொள்கிறான். போதாததற்கு, ஃபில்லீஸ் பிட்சர்கள் கொடுத்த ஹிட் எண்ணிக்கைக்குப் பேஸில் எப்போதும் ஆள். எறிந்து வீழ்த்த ஆள் நிறைய இருந்தால் வீழ்ந்தவர்களும் நிறைய இருப்பார்கள். க்ளைனுக்கு நல்ல கை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 44இல் கை ஒரு பங்கு, சுவர் ஒரு பங்கு, அணியின் துரதிர்ஷ்டம் ஒரு பங்கு.

இதைவிட ஆழமான ஓட்டை இன்னொன்று. எவ்வளவு மட்டமான அணியானாலும் ஆட்டத்துக்கு 27 அவுட் எடுத்துத்தான் ஆக வேண்டும். 27இல் ஸ்ட்ரைக் அவுட் போக மீதியெல்லாம் ஃபீல்டர்கள் கணக்கில் ஏறும். பத்து ஹிட் கொடுத்த பிறகு எடுத்தாலும் 27தான், ஐந்து ஹிட் கொடுத்து எடுத்தாலும் 27தான். மோசமான அணி ஸ்ட்ரைக் அவுட்டும் குறைவாகச் செய்தால் அதன் ஃபீல்டர்கள் எண்ணிக்கையில் நல்லவர்களாகவே தெரிவார்கள். என் ஃபில்லீஸ் உள்வட்டக்காரர்கள் (பேஸ்களின் அருகே நிற்பவர்கள்) பலருக்கு நடுத்தரத்துக்கு மேல் எண் வந்தது இப்படித்தான். மொத்த ரன் 1,140க்கு இறங்கிவிட்டது.

மூன்றாம் முயற்சி: மேலிருந்து கீழே

திசையைத் திருப்பினேன். ஆளிலிருந்து அணிக்குப் போகாமல், அணியின் மொத்த ஃபீல்டிங்கை முதலில் எடுத்து அதை ஆட்களுக்குப் பங்கு பிரிப்பது. பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை அவுட் ஆயின? லாமன் கோப்பின் அணி அட்டவணையில் இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பிட்சர்கள் எடுத்த மொத்த அவுட்டிலிருந்து ஸ்ட்ரைக் அவுட்டைக் கழித்து, கொடுத்த ஹிட்டைக் கூட்டி, ஹோம் ரன்னை (வேலி தாண்டிப் போகும் அடியை) கழித்தால் விளையாட்டுக்குள் வந்த பந்துகள் கிட்டத்தட்ட கிடைத்துவிடும். அதில் ஹோம் ரன் அல்லாத ஹிட் எவ்வளவு விழுக்காடு என்று பாருங்கள். ஃபில்லீஸ் எதிர்பார்த்தபடியே லீகில் கடைசி.

பிறகு ஆட்களுக்கு 1 முதல் 5. ஃபீல்டர் அட்டவணையை இருபது முகப் பகடைக்கு இப்படி வைத்தேன்: 1 வாங்கியவரிடம் போகும் பந்து இருபதில் 2 முறை ஹிட், 2 வாங்கியவரிடம் 4 முறை, 3 என்றால் 6, 4 என்றால் 9, 5 என்றால் 12. எரருக்குத் தனியாக இன்னொரு உருட்டல். ஃபில்லீஸின் சராசரி 4 வந்தது. க்ளைனுக்கு எட்டிப் பிடிப்பதில் 5 போட்டிருந்தேன், வலப்பக்கம் அத்தனை ஹிட் விழுந்ததால்.

ஓட்டினால் 1,318. நூற்றுச் சொச்சம் ரன் அதிகம். முதலில் ஒரே ஒரு சீசனைப் பார்த்துத் தற்செயல் என்று நினைத்தேன். ஒரு சீசனுக்கும் இன்னொரு சீசனுக்கும் 50, 60 ரன் தானாகவே ஏறி இறங்கும், அதனால் ஓர் ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. இருநூறு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகும் அதே 1,318தான். இரண்டு வாரம் நிரலில் பிழை தேடினேன். நிரலில் ஒரு பிழையும் இல்லை.

வழி காட்டியது அண்ணன் மகன். கல்லூரி இரண்டாம் வருடம், டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் வேகப்பந்து வீசுகிறவன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் அட்டைகளைக் காட்டி விளக்கினேன். பிட்சர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சித்தப்பா, இந்த ஆளு விட்ட ஹிட்டு எல்லாம் நெசமா ஆடுன மேட்ச்ல இருந்து எடுத்ததுதான?"

"ஆமாடா."

"அப்ப அந்த மேட்ச்ல பின்னாடி நின்னதும் இதே ஆளுங்கதான? அவங்க விட்ட பந்தையும் சேத்துத்தான இவன் கணக்குல எழுதியிருப்பாங்க. எங்க மேட்ச்லயும் அப்டித்தான், மிட் ஆஃப்ல நிக்கறவன் குனியாம விட்டா நாலு ரன் என் ஓவர்ல ஏறிடும். இப்ப நீங்க மறுபடியும் அவங்களையே பின்னாடி நிக்கவெச்சு மறுபடியும் விட வைக்கறீங்க. ஒரே தப்புக்கு அவன் ரெண்டு வாட்டி ரன்னு குடுக்கறான்."

ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். ஃபீல்டரின் தரம் தனியாக எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை, அது பிட்சரின் எண்ணுக்குள் கலந்து கிடக்கிறது. முதலில் அதை அங்கிருந்து எடுக்க வேண்டும். எடுத்த அளவைத்தான் ஃபீல்டருக்குக் கொடுக்க வேண்டும்.

நாலாம் முயற்சி: எடுத்ததைத்தான் கொடுப்பது

கணக்கை அப்படியே காட்டுகிறேன். பிட்சர் அட்டையில் ஃபீல்டருக்குப் போகும் கட்டங்கள் 150. நடுத்தர ஃபீல்டர்கள், அதாவது எல்லோரும் 3 என்றால், இருபதுக்கு 6 வீதம் 45 கட்டங்கள் ஹிட் ஆகும். மூன்றாம் முயற்சியில் எல்லா அணி பிட்சர்களின் அட்டையிலிருந்தும் இந்த 45ஐக் கழித்துவிட்டு மீதி ஹிட்டை அட்டையில் அச்சடித்திருந்தேன். ஆனால் ஃபில்லீஸ் பிட்சர் அந்த ஹிட்டுகளைக் கொடுத்தபோது பின்னால் நின்றது 3 அல்ல, 4. இருபதுக்கு 9 வீதம் 67 கட்டங்கள், சொச்சம் அரை. கழித்திருக்க வேண்டியது 67. நான் கழித்தது 45. ஒவ்வோர் அட்டையிலும் 22 ஹிட் உபரியாக ஒட்டிக்கொண்டது.

22 என்றால் சின்ன எண்போலத் தெரியும். ஆயிரம் உருட்டலுக்கு 22. ஃபில்லீஸ் அந்த சீசனில் இரண்டு டிராவோடு 156 ஆட்டம் ஆடியது; ஆட்டத்துக்கு 42 பேட்டர் என்று வைத்தால் ஆறாயிரத்து ஐந்நூறு பேட்டர். உபரி ஹிட் 140க்கு மேல். அவுட்டாக வேண்டியது ஹிட்டானால் அந்த வருடக் கணக்கில் முக்கால் ரன்னுக்கு மேல் செலவு. பெருக்கிப் பாருங்கள், என் நூற்றுச் சொச்சம் ரன் அங்கே நிற்கிறது.

எட்டு அணிக்கும் அந்தந்த அணியின் ஃபீல்டர் எண்ணை வைத்துத் தனித்தனியாகக் கழித்தேன். நல்ல ஃபீல்டர்கள் இருந்த அணியின் பிட்சருக்கு இது எதிர்த்திசையில் வேலை செய்யும். அவர்களிடமிருந்து கழிப்பது 45க்கும் குறைவு, அதனால் அவர்கள் அட்டை கொஞ்சம் மோசமாகும். கார்டினல்ஸ் பிட்சர்களுக்கு அப்படித்தான் ஆனது. முதலில் மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் அதுதான் நியாயம்.

அடுத்து சுவர். வலப்பக்கத்துக்குப் பேக்கர் பௌலுக்கென்று மட்டும் தனி அட்டவணை ஒன்று எழுதினேன், எட்டிப் பிடிப்பதற்கும் எறிவதற்கும். முக்கியமான விஷயம், அங்கே வந்து ஆடும் எதிரணி வலப்பக்கக்காரருக்கும் அதே அட்டவணைதான். சுவர் ஃபில்லீஸுக்கு மட்டும் சொந்தமில்லை. முதலில் இதை ஃபில்லீஸுக்கு மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன், மற்ற அணிகளின் கணக்கு கோணிக்கொண்டது. சுவரின் பங்கைப் பிரித்தெடுத்ததும் க்ளைனின் 5 தானாக 3 ஆனது, இன்னும் இரண்டு பேருக்கு 4 மாறி 3. எறிதலில் க்ளைனுக்கு உச்ச எண்ணுக்கு ஒரு படி கீழே. ஃபீல்டர் எண் மாறியதால் பிட்சரிடம் கழிப்பதும் மாறும், மறுபடி கணக்கு, மறுபடி ஓட்டம். மூன்று சுற்றில் எண்கள் நின்றன.

1,204. உடனே காலின்ஸைக் கார்டினல்ஸுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன்னுக்குக் கொஞ்சம் மேலே குறைந்தது. மைதானம் மாறியதன் பங்கும் அதில் உண்டு. க்ளைனின் அசிஸ்ட் இருநூறு சீசன் சராசரியில் 37. சில சீசன்களில் 44ஐத் தொட்டார், தாண்டவும் செய்தார். சராசரியாகவே 44 வர வேண்டும் என்று நான் இழுக்கவில்லை. சாதனை எண் என்பது எல்லாம் கூடிவந்த ஒரு வருடத்தில் விழுவது. அதை ஆளின் சராசரித் திறமையாக அட்டையில் பொறித்தால் ஆட்டம் மறுபடி பொய்யாகும்.

கையால் ஆடியபோது ஓர் ஆட்டம் மனதில் நின்றது. பேக்கர் பௌல், எதிரே பிட்ஸ்பர்க், பேட்டில் பால் வேனர். முதல் பேஸில் ஆள். அண்ணன் மகன் உருட்டினான், வெள்ளை 7, காலின்ஸ் அட்டை, வலப்பக்கக் கட்டம். சுவர் அட்டவணைக்கு இருபது முகப் பகடை: 4. தகரத்தில் பட்ட ஹிட். ஓடுகிறாயா என்று கேட்டேன். முதல் பேஸில் இருப்பவனை மூன்றாம் பேஸுக்கு ஓட்டினான். எறிதலுக்கு உருட்டினேன், 17. அவுட். க்ளைன் பெயருக்கு நேரே அசிஸ்ட் கட்டத்தில் கோடு போட்டேன். அடுத்த முறை அதே சூழ்நிலை வந்தபோது அவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு நிரம்ப நேரம் யோசித்துவிட்டு, "வேணாம் சித்தப்பா, நிக்கட்டும்" என்றான். வெளியூர் ஆட்டத்தில் அதே க்ளைனை எதிர்த்துத் தயங்காமல் ஓடினான். 1930இல் அங்கே மூன்றாம் பேஸ் பக்கம் நின்ற கோச்சும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். இந்த ஆட்டத்தில் எனக்கு வேண்டியது இதுதான்.

செலவும் நேரமும்

பகடை 380. முதல் அச்சு 550. பிட்சர் அட்டைகளை மட்டும் இரண்டு தடவை மறுபடி அடித்தது, எட்டு எட்டுத் தாள், 400. அட்டைக்கு உறை இருநூறு, ஒன்று 2 ரூபாய் வீதம் 400. மொத்தம் 1,730 ரூபாய். அவசரப்படாமல் இருந்திருந்தால் மறு அச்சின் 400 மிச்சம். கையால் ஓர் ஆட்டம் ஆட 25 நிமிடம். லீகின் 600க்கு மேற்பட்ட ஆட்டங்களைக் கையால் ஆட வழியில்லை; சோதனைக்கு நிரல், ரசிக்கக் கை என்று பிரித்துக்கொண்டேன்.

இன்னும் சரியாகாதவை

கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் நிற்பவரின்) எறிதலை எல்லோருக்கும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். 1930இல் பேஸ் திருட்டு (பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது) குறைவு என்பதால் தாங்கியது. எரரில் பந்தைத் தவறவிட்டதும் தவறாக எறிந்ததும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. தவறாக எறிந்தால் ஓட்டக்காரன் கூடுதல் பேஸ் போவான், அதைப் பிரிக்க வேண்டும். இரட்டை அவுட் செய்யும் திறமையை ஷார்ட்ஸ்டாப்புக்கும் இரண்டாம் பேஸ்காரருக்கும் ஜோடியாகத்தான் மதிப்பிட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். வயதானவர்களை என்ன செய்வது என்பதும் தெளியவில்லை. பிட்சர் க்ரோவர் அலெக்ஸாண்டர் 1929இல் கார்டினல்ஸில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.89 கொடுத்தவர், 1930இல் ஃபில்லீஸுக்கு வந்து 9.14 கொடுத்துவிட்டு ஓய்ந்தார். அப்போது அவருக்கு வயது 43. ஒரு சில இன்னிங்ஸில் வயது எவ்வளவு, பின்னால் நின்றவர்கள் எவ்வளவு என்று என் கணக்கால் பிரிக்க முடியவில்லை. அவர் அட்டையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து 1908 நேஷனல் லீக். கப்ஸ் 99 வெற்றி, ஜயண்ட்ஸும் பைரேட்ஸும் ஆளுக்கு 98. லீக் பேட்டிங் சராசரி .239, ஆட்டத்துக்கு ஓர் அணி எடுத்தது மூன்று ரன் சொச்சம். பிட்சர் கணக்கில் எழுதப்பட்டது 2.35. எடுத்த ரன்னில் கால் பங்குக்கு மேல் எரர் வழியாக வந்திருக்கிறது. ஒரு வெற்றியில் லீக் முடிவான வருடம் என்பதால் இருபது முகப் பகடையின் எரர் அட்டவணை இதற்குப் பற்றாது. அதையும் நூறு எண்ணுக்கு விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷார்ட்ஸ்டாப் வரிசையில் ஹோனஸ் வாக்னர் முடிந்துவிட்டார், ஜோ டிங்கர் பாதியில் இருக்கிறார். அச்சுக்கடைக்கு இன்னும் போகவில்லை.